சார்ட் பார்ப்பவருக்கு நாற்காலி கிடைத்த கதை

பெருந்துறையில் என் மாமா ஒரு நோட்டு வைத்திருந்தார். மளிகைக் கடையில் பற்று எழுதுவார்களே, அந்த மாதிரி நீள நோட்டு. மஞ்சள் ஏலம் நடக்கிற நாளெல்லாம் சாயங்காலம் அதில் ஒரு வரி ஏறும். தேதி, விரலி என்ன விலைக்குப் போனது, கிழங்கு என்ன விலைக்குப் போனது, எத்தனை மூட்டை வரத்து, அதில் எத்தனை விற்றது. அவ்வளவுதான். மழை பெய்ததா, நிஜாமாபாத்தில் விளைச்சல் எப்படி, ஏற்றுமதி ஆர்டர் வந்ததா என்பதெல்லாம் அதில் கிடையாது. கேட்டால், "அதையெல்லாம் தெரிஞ்சவன்தானே வந்து ஏலம் கேக்கறான்" என்பார்.

கல்லூரி விடுமுறையில் ஒருநாள் அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார். "இங்க பாரு மாப்ளை. மூணு தடவ இந்த வெலைக்கு எறங்குச்சு, மூணு தடவையும் திரும்பிருச்சு. அந்த எடத்துல வாங்கறதுக்கு ஆரோ நிக்கறாங்க."

"ஆருங் மாமா?"

"அது நமக்கெதுக்கு? நிக்கறாங்கல்ல."

டெக்னிக்கல் அனாலிசிஸ் என்றால் என்ன என்று புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வது. அந்தப் பெயரை மாமா கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அதன் முக்கால்வாசி இந்தப் பேச்சில் இருக்கிறது. விலை இறங்கி வந்து திரும்பத் திரும்ப நிற்கிற இடத்துக்கு சப்போர்ட் என்று பெயர். ஏறிப் போய் முட்டித் திரும்புகிற இடம் ரெசிஸ்டன்ஸ். மூட்டை எண்ணிக்கைதான் வால்யூம். கொஞ்ச நாளாக எந்தப் பக்கம் சாய்கிறது என்பது டிரெண்ட். யார் வாங்குகிறார், ஏன் வாங்குகிறார் என்ற விசாரணை கிடையாது. விலையும் எண்ணிக்கையும் போன பாதையை (அதைப் படமாக வரைந்தால் சார்ட்) மட்டும் வைத்து அடுத்த அடியைக் கணிக்கப் பார்ப்பதுதான் இந்த வேலை.

எதிர்முனையில் இருப்பது ஃபண்டமென்டல் அனாலிசிஸ். கோவையில் ஒரு நூல் மில்லின் பங்கை வாங்கலாமா என்று பார்க்க வேண்டும் என்று வையுங்கள். ஃபண்டமென்டல் ஆள் பஞ்சு என்ன விலை, நூல் என்ன விலை, கரன்ட் பில் எவ்வளவு, பேங்கில் கடன் எவ்வளவு, வட்டி கட்டியது போக என்ன மிஞ்சும் என்று கணக்குப் போடுவார். சார்ட் பார்ப்பவர் மில் கேட்டுப் பக்கமே போக மாட்டார். பஞ்சு புரோக்கருக்கும் பேங்க் மேனேஜருக்கும் தெரிந்ததெல்லாம் அவர்கள் வாங்கியதிலும் விற்றதிலும் வெளிப்பட்டு ஏற்கெனவே விலைக்குள் வந்துவிட்டது என்பது அவருடைய வாதம். ஒரு பக்கம் நகர ஆரம்பித்த விலை சட்டென்று நிற்காது, கொஞ்ச தூரம் போகும். ஆசையும் பயமும் மாறுவதில்லை, அதனால் பழைய உருவங்கள் திரும்ப வரும். இந்த இரண்டையும் கூடவே சேர்த்துக்கொள்வார்.

கருவிகளில் ஒன்றை மட்டும் கையில் எடுத்துப் பார்ப்போம். மூவிங் ஆவரேஜ். ஒரு பங்கின் கடைசி 5 நாள் முடிவு விலை 100, 102, 101, 105, 107 என்றால் கூட்டினால் 515. ஐந்தால் வகுத்தால் 103. மறுநாள் 108 ஆனால் பழைய 100ஐத் தள்ளிவிட்டுப் புதியதைச் சேர்க்க வேண்டும். கூட்டுத்தொகை 523, சராசரி 104.6. இப்படித் தினமும் ஒன்றைத் தள்ளி ஒன்றைச் சேர்த்துப் புள்ளி வைத்துக்கொண்டே போனால், அன்றாடக் குதிப்பெல்லாம் தேய்ந்து ஒரு வழவழப்பான கோடு கிடைக்கும். விலை அந்தக் கோட்டுக்கு மேலே போனால் வாங்கு, கீழே வந்தால் விற்றுவிடு என்பது ரொம்பப் பழைய விதி. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தக் கலையை ரொம்பக் காலம் கைரேகை பார்ப்பதோடு சேர்த்துத்தான் வைத்திருந்தார்கள். இப்போதும் நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் இன்றைக்கு இதற்கென்று தேர்வு இருக்கிறது, பட்டம் இருக்கிறது, அரசாங்க விதிகளில் இடம் இருக்கிறது. பெரிய நிதி நிறுவனங்களில் இதற்கென்றே ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள். கைரேகைக்குக் கிடைக்காத நாற்காலி சார்ட்டுக்கு எப்படிக் கிடைத்தது? சார்ட் பலிக்கும் என்று யாரோ நிரூபித்துவிட்டார்கள், அதனால்தான் என்று நினைத்தால் அது தப்பு. நடந்தது வேறு.

அரிசியும் ரயிலும்

மாமாவின் நோட்டுக்கு அண்ணன்மார் உண்டு. ஜப்பானில் ஒசாகாவின் தோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730ல் ஷோகன் அரசு அங்கீகாரம் கொடுத்தது. இன்னும் விளையாத அரிசியை முன்பேரம் பேசி விற்கிற சந்தை அது. அந்த நூற்றாண்டில் சகாட்டா ஊரைச் சேர்ந்த ஹொம்மா முனேஹிசா என்ற அரிசி வியாபாரி, விலை ஏற்ற இறக்கத்தில் ஆட்களின் மனசும் கலந்திருக்கிறது என்று எழுதி வைத்தார். இன்று மொபைலில் நாளுக்கொரு கட்டையாக விலைப் போக்கைக் காட்டும் பச்சை சிவப்பு மெழுகுவர்த்திகளுக்கு அவரையே மூலவராகச் சொல்வார்கள். அந்த வடிவம் அவர் காலத்துக்குப் பிறகுதான் உருவானது என்பாரும் உண்டு. எப்படியானாலும் அமெரிக்கக்காரர்களுக்கு இந்த மெழுகுவர்த்திகள் பரவலாக அறிமுகமானது 1990களில்தான்.

அமெரிக்காவில் இதை ஆரம்பித்தவர் பத்திரிகைக்காரர். சார்லஸ் டவ். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையை 1889ல் தொடங்கியவர்களில் ஒருவர். 1896ல் 12 கம்பெனிகளின் விலையைக் கூட்டி 12ஆல் வகுத்து ஒரு சராசரி வெளியிட்டார். இன்றும் செய்திகளில் 'டவ் ஜோன்ஸ் இவ்வளவு புள்ளி இறங்கியது' என்று வருகிறதே, அதன் தொடக்கம் அது. ரயில்வே பங்குகளுக்குத் தனிச் சராசரியும் இருந்தது. தொழிற்சாலைப் பங்குகள் ஏறினால் போதாது, சரக்கை ஏற்றிப் போகும் ரயில்வே பங்குகளும் ஏற வேண்டும், அப்போதுதான் ஏற்றம் உண்மை என்பது அவருடைய எண்ணம். திருப்பூரில் பனியன் ஆர்டர் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார், ஆனால் லாரிக்காரர் வண்டி சும்மா நிற்கிறது என்கிறார் என்றால் நாம் யாரை நம்புவோம்? அதே புத்திதான்.

டவ் 1902ல் இறந்துபோனார். தன் கருத்துகளை அவர் புத்தகமாக எழுதவில்லை. தலையங்கங்களில் சிதறிக் கிடந்தவற்றை எடுத்து 'டவ் கோட்பாடு' என்று உருக்கொடுத்தவர், அதே பத்திரிகையில் பின்னாளில் தலையங்கம் எழுதிய வில்லியம் பீட்டர் ஹாமில்டன். ஏறுமுகமா இறங்குமுகமா என்று கால் நூற்றாண்டுக்கு மேல் எழுதிக்கொண்டே இருந்தார். 1929 அக்டோபர் 25ஆம் தேதி, அந்தப் பெரிய சரிவின் நடுவில், அலை திரும்பிவிட்டது என்று எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் காலமானார். சரிவைச் சொன்ன மனிதர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

எண்ணிப் பார்த்தவர்

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் ஆல்ஃபிரட் கவுல்ஸ். வசதியான பத்திரிகைக் குடும்பத்துப் பிள்ளை. சந்தை ஆலோசனைக் கடிதங்களுக்குச் சந்தா கட்டி வாங்கிக்கொண்டிருந்தார். 1929 சரிவை அவற்றில் ஒன்றும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நாமாக இருந்தால் திட்டிவிட்டுச் சந்தாவை நிறுத்தியிருப்போம். அவர் எண்ண ஆரம்பித்தார். ஆலோசனைகளையெல்லாம் சேர்த்து, அப்படியே நடந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டு 1933ல் வெளியிட்டார். சந்தை ஜோசியர்களால் ஜோசியம் சொல்ல முடியுமா என்பதுதான் கட்டுரையின் கேள்வி. பதில், அதற்கு ஆதாரமில்லை என்பது.

ஹாமில்டனும் அந்தக் கணக்கில் அகப்பட்டார். 26 ஆண்டுகளில் 90 தடவை அவர் தன் கருத்தை மாற்றிச் சொல்லியிருக்கிறார். அதில் 45 சரி, 45 தப்பு. ஒற்றையா இரட்டையா விளையாடியிருந்தாலும் இதே கணக்கு வந்திருக்கும். அவர் சொன்னபடி நடந்தவருக்கு ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம் கிடைத்திருக்கும். பேசாமல் பங்குகளை வாங்கி வைத்துவிட்டுத் தூங்கியவருக்கு 15.5 சதவீதம்.

இது பெரிய அடி. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1998ல் ஸ்டீபன் பிரவுன், வில்லியம் கோட்ஸ்மேன், அலோக் குமார் என்ற மூவர் அதே தலையங்கங்களை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். ஹாமில்டன் பல காலம் சந்தையை விட்டு வெளியே இருக்கச் சொல்லியிருக்கிறார், அப்போது பணம் ஆபத்தில்லாமல் இருந்திருக்கும், அந்த ஆபத்துக் குறைவையும் சேர்த்துக் கணக்கிட்டால் மனிதர் அவ்வளவு மோசமில்லை என்று சொன்னார்கள். கவுல்ஸ் சொன்னதும் தப்பில்லை, இவர்கள் சொன்னதும் தப்பில்லை. பத்து வருஷம் மஞ்சள் வியாபாரம் செய்தவர் எவ்வளவு சம்பாதித்தார் என்று மட்டும் கேட்டால் ஒரு பதில். எத்தனை ராத்திரி தூங்கினார் என்றும் சேர்த்துக் கேட்டால் இன்னொரு பதில்.

1948ல் எட்வர்ட்ஸ், மகீ என்ற இருவர் எழுதிய தடிமனான பாடநூல் வந்தது. தலையும் தோளும், முக்கோணம், கொடி என்று இன்று யூடியூபில் ஓடுகிற உருவங்களில் பல அதில் இருக்கின்றன. தரகு நிறுவனங்களில் சார்ட் போடுகிறவர்கள் இருந்தார்கள். ஆனால் இருந்த இடம் பின்கட்டு. முன்னறையில் கோட்டு போட்டவர் கம்பெனி ஆண்டறிக்கையை வைத்துப் பேசுவார். சார்ட்டை யாரும் பார்க்காதபோது எட்டிப் பார்ப்பார்.

நாணயம் வரைந்த சார்ட்

அப்புறம் பல்கலைக்கழகங்கள் வந்தன. 1965ல் யூஜின் ஃபாமா பங்கு விலைகளைக் கணக்கில் போட்டுப் பார்த்து, நேற்றைய நகர்வை வைத்து நாளைய நகர்வைச் சொல்லிப் பணம் பண்ண முடிகிற அளவுக்கு அவற்றுக்குள் தொடர்பு இல்லை என்றார். 1970ல் இதையே திறமிக்க சந்தை என்ற கோட்பாடாக விரித்தார். தெரிந்ததெல்லாம் விலைக்குள் வந்துவிட்டது என்று சார்ட்காரர் சொன்னதைத்தான் அவரும் சொன்னார், ஆனால் முடிவு நேர்மாறு: எல்லாம் வந்துவிட்டது என்றால் பழைய விலையைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? 2013ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தபோது கூடவே பரிசு வாங்கிய இருவரில் ஒருவர் ராபர்ட் ஷில்லர். சந்தை அவ்வளவு புத்திசாலி இல்லை என்பது ஷில்லர் கட்சி. இருவருக்கும் ஒரே மேடை. பொருளாதாரத்தில் இதெல்லாம் சகஜம்.

பர்ட்டன் மால்கியல் என்ற பேராசிரியர் செய்த குறும்பு இன்னும் பிரபலம். மாணவர்களை நாணயம் சுண்டச் சொன்னார். தலை விழுந்தால் விலை அரைப் புள்ளி ஏற்றம், பூ விழுந்தால் அரைப் புள்ளி இறக்கம். அப்படி வந்த கோட்டைச் சார்ட் பார்க்கும் நண்பரிடம் காட்டினால், அவர் துள்ளிக் குதித்து, இது என்ன கம்பெனி, உடனே வாங்க வேண்டும் என்றாராம்.

இதை நானும் செய்து பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி பையனும் நானும், ஒரு ரூபாய் நாணயம், கட்டம் போட்ட கணக்கு நோட்டு. 100ல் ஆரம்பித்து 80 தடவை சுண்டினோம். முதல் இருபதில் ஒன்றும் சுவாரஸ்யமில்லை. நாற்பதுக்கு மேல் கோடு மெல்ல ஏறி, ஒரு இடத்தில் முட்டி, இறங்கி, மறுபடி அதே இடத்தில் முட்டியது. பையன், "பெரியப்பா, இது ரெசிஸ்டன்ஸ்தானே?" என்றான். எனக்கே ஒரு நொடி நெஞ்சு படபடத்தது. கையால் சுண்டிய நாணயம் என்று தெரிந்தும் அடுத்து ஏறும் என்று மனசு சொன்னது. நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். சார்ட் கற்கப் போகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வீட்டுப்பாடம் இதுதான். மனிதக் கண் எங்கேயும் உருவம் பார்த்துவிடும். மேகத்தில் யானையைப் பார்ப்பதில்லையா?

சங்கம், தேர்வு, கால்குலேட்டர்

இவ்வளவு அடி வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கதையின் திருப்பம். சண்டைக்குப் போகவில்லை; சங்கம் வைத்தார்கள். நியூயார்க்கில் வெவ்வேறு நிறுவனங்களின் பின்கட்டுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் கூடிப் பேச ஆரம்பித்து, 1973ல் மார்க்கெட் டெக்னீஷியன்ஸ் அசோசியேஷன் என்று முறையாக அமைத்தார்கள். ரால்ஃப் அகம்போரா அதை நிறுவியவர்களில் ஒருவர். சங்கம் ஒரு ஆய்விதழ் நடத்தியது, உறுப்பினர்களுக்கு ஒழுக்க விதிகள் வைத்தது. பிறகு சிஎம்டி என்ற பட்டம் கொண்டுவந்தது. மூன்று நிலைத் தேர்வு. மூன்றையும் எழுதித் தேறி, ஒழுக்க விதிக்குக் கட்டுப்பட்டால்தான் பெயருக்குப் பின்னால் அந்த மூன்று எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். பட்டம் பிரபலமானதும் 2017ல் சங்கமே சிஎம்டி அசோசியேஷன் என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது.

தேர்வு வைத்ததால் என்ன வந்தது என்று கேட்கலாம். ஒரு பாடத்திட்டம் இருந்தால்தான் அதில் இல்லாததை இது எங்கள் வேலை இல்லை என்று தள்ள முடியும். கிரகநிலை பார்த்துச் சந்தை சொல்பவரும், மூவிங் ஆவரேஜ் போடுபவரும் வெளியாருக்கு ஒரே மாதிரித்தான் தெரிந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு வேலி போட வேண்டியிருந்தது. தேர்வுதான் அந்த வேலி.

அதே சமயத்தில் கருவிகளும் மாறின. 1978ல் வெல்ஸ் வைல்டர் என்ற மெக்கானிக்கல் இன்ஜினியர் ஆர்எஸ்ஐ என்ற கருவியை வெளியிட்டார். கடைசி 14 நாட்களில் நாளொன்றுக்குச் சராசரி ஏற்றம் எவ்வளவு, சராசரி இறக்கம் எவ்வளவு, இரண்டையும் ஒப்பிட்டு 0 முதல் 100க்குள் ஒரு எண். 70க்கு மேல் போனால் அளவுக்கு மீறி வாங்கிவிட்டார்கள், 30க்குக் கீழே வந்தால் அளவுக்கு மீறி விற்றுவிட்டார்கள் என்று பொருள். இது பலிக்கிறதா என்பது இருக்கட்டும். கைக் கால்குலேட்டரில் போடக்கூடிய கணக்கு என்பதுதான் முக்கியம். தலையும் தோளும் உருவத்தை நான் ஒரு இடத்தில் பார்ப்பேன், நீங்கள் வேறு இடத்தில் பார்ப்பீர்கள். ஆர்எஸ்ஐ 27 என்றால் ஈரோட்டில் போட்டாலும் 27, நியூயார்க்கில் போட்டாலும் 27. யார் போட்டாலும் ஒரே விடை வருவதைத்தான் சோதித்துப் பார்க்க முடியும். சோதிக்க முடிகிற விஷயத்தைத்தான் பேராசிரியர் கையில் எடுப்பார்.

எடுத்தார்கள். முதலில் சொன்னேனே, ஐந்தாம் வகுப்புக் கணக்கு, அது 1992ல் நிதித்துறையின் உயர்ந்த ஆய்விதழ்களில் ஒன்றில் ஏறியது. பிராக், லகோனிஷாக், லெபரான் மூவரும் 1897 முதல் 1986 வரையிலான டவ் சராசரியில் மூவிங் ஆவரேஜ் விதிகளையும், எல்லை உடைந்தால் வாங்கும் விதிகளையும் ஓட்டிப் பார்த்தார்கள். வாங்கு என்ற சமிக்ஞைக்குப் பின் வந்த நாட்கள், விற்றுவிடு என்றதற்குப் பின் வந்த நாட்களைவிடத் தெளிவாக நன்றாக இருந்தன. அடுத்த ஆண்டு ஜெகதீஷ், டிட்மன் இருவரும் கடந்த சில மாதங்களில் நன்றாக ஏறிய பங்குகள் அடுத்த சில மாதங்களும் மற்றவற்றைவிட நன்றாகப் போகின்றன என்று காட்டினார்கள். 2000ல் எம்ஐடியின் ஆண்ட்ரூ லோவும் இரு சகாக்களும் தலையும் தோளும் போன்ற 10 உருவங்களைக் கணினியே தேடிப் பிடிக்கும்படி நிரல் எழுதி, 1962 முதல் 1996 வரையிலான அமெரிக்கப் பங்குகளில் தேடினார்கள். சில உருவங்களில் ஏதோ தகவல் இருக்கிறது என்பது முடிவு. தகவல் இருக்கிறது என்றார்களே தவிர, அதை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று எழுதவில்லை. இந்த வேறுபாட்டைப் பயிற்சி வகுப்பு விளம்பரங்கள் வசதியாக மறந்துவிடும்.

எதிர்ப்பாட்டும் உடனே வந்தது. புளியமரத்தில் ஏழாயிரம் கல் எறிந்தால் நாலு பழம் விழத்தான் செய்யும். பழத்தில் பட்ட கல்லை மட்டும் எடுத்துக் காட்டி, பார் என் குறியை என்றால் எப்படி? 1999ல் சல்லிவன், டிம்மர்மன், வைட் மூவரும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டார்கள். 7,846 விதிகளை ஓட்டிப் பார்த்தார்கள். பழைய காலத்தில் சிறந்து நின்ற விதி, 1986க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் நிற்கவில்லை.

ஆக, பலிக்கிறதா என்ற வழக்கு தீரவே இல்லை, இன்றும் ஓடுகிறது. ஆனால் வழக்கு நடக்கும் இடம் மாறிவிட்டது. டீக்கடையிலிருந்து ஆய்விதழுக்கு ஏறிவிட்டது. அங்கே தோற்றாலும் மரியாதைதான். இதற்கிடையில் தொழிலில் இருப்பவர்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. லண்டனில் அந்நியச் செலாவணி வியாபாரிகளிடம் நடத்தி 1992ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், குறுகிய காலக் கணிப்புக்குச் சார்ட்டையும் கொஞ்சமாவது பார்ப்பதாகக் குறைந்தது 90 சதவீதம் பேர் சொல்லியிருந்தார்கள். ஆண்டறிக்கை படிப்பவர்களின் கோட்டையான சிஎஃப்ஏ தேர்வின் பாடத்திட்டத்திலும் டெக்னிக்கலுக்கு ஒரு மூலை கிடைத்தது.

கடைசியில் சட்டம் வந்தது. இன்டர்நெட் கம்பெனிப் பங்குகள் சரிந்த பிறகு, அமெரிக்காவில் ஆய்வறிக்கை எழுதுகிறவர்கள் தகுதித் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். அது முழுக்க ஆண்டறிக்கை, லாப நட்டக் கணக்கு சார்ந்த தேர்வு. சார்ட் மட்டும் பார்ப்பவர் என்ன செய்வார்? 2005ல் ஒரு வழி திறந்தார்கள். டெக்னிக்கல் அறிக்கை மட்டும் எழுதுகிறவர் சிஎம்டியின் முதல் இரண்டு நிலைகளைத் தேறியிருந்தால், சீரிஸ் 86 என்ற பகுப்பாய்வுத் தாளை எழுத வேண்டியதில்லை. விதிமுறை பற்றிய தாளுக்கு மட்டும் விலக்கு இல்லை. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமே இதற்கு ஒப்புதல் கொடுத்தது. பின்கட்டில் இருந்த நாற்காலி முன்னறைக்கு வந்த நாள் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன். கவனியுங்கள், சார்ட் பலிக்கும் என்று ஆணையம் சொல்லவில்லை. இவர் தன் வேலையைப் படித்துத் தேறியிருக்கிறார், தப்பு செய்தால் கேட்க ஆள் இருக்கிறது என்று மட்டும் சொன்னது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலம் கேட்கும் வியாபாரிக்கு லைசென்ஸ் வேண்டும் என்கிறார்களே, அந்த மாதிரி. லைசென்ஸ் வாங்கியவருக்கெல்லாம் லாபம் வரும் என்று யாரும் நினைப்பதில்லை. எடை போட்டபின் பணம் கொடுக்காமல் ஓடினால் பிடிக்கலாம், அதற்குத்தான் லைசென்ஸ்.

நம் பக்கம்

கோயம்புத்தூருக்கென்று தனிப் பங்குச்சந்தையே ஒருகாலத்தில் இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 1994ல் தேசியப் பங்குச்சந்தை கணினித் திரையில் வியாபாரத்தைத் தொடங்கி, பின்னாலேயே பங்குகளைக் காகிதமில்லாமல் கணினிக் கணக்கில் வைக்கும் டீமேட் வந்ததும் ஊர்ச் சந்தைகள் அடங்கிவிட்டன. ஆனால் அதே திரைதான் சார்ட்டை எல்லார் கைக்கும் கொண்டுவந்தது. முன்பு சார்ட் வேண்டுமென்றால் பேப்பரில் விலை பார்த்துக் கையால் புள்ளி வைக்க வேண்டும். பிறகு தரகு அலுவலகங்களில் ஒரு கம்ப்யூட்டரும் அதைச் சுற்றி எட்டுப் பேரும்.

அப்படி ஒரு அலுவலகத்தில்தான் நானும் பாடம் படித்தேன். எந்த ஊர், யார் என்பது வேண்டாம். 2008 ஜனவரி. சார்ட் அழகாக இருக்கிறது, சப்போர்ட் இங்கே, அதற்குக் கொஞ்சம் கீழே ஸ்டாப்லாஸ் (விலை அவ்வளவு இறங்கினால் தானாக விற்றுவிடச் சொல்லும் ஆர்டர்) போட்டால் போதும், அதிகபட்சம் இவ்வளவுதான் போகும் என்றார் அங்கிருந்தவர். போட்டேன். ஜனவரி 21 அன்று சென்செக்ஸ் 1,400 புள்ளிக்கு மேல் சரிந்தது. மறுநாள் காலையில் விலை என் ஸ்டாப்லாஸைத் தாண்டி வெகு கீழேதான் திறந்தது. நடுவில் வியாபாரமே நடக்காத இடத்தில் எப்படி விற்பது? படிக்கட்டில் மூன்றாம் படியில் நிற்கலாம் என்று நினைத்தவனுக்குப் படிக்கட்டே இல்லை. இரண்டு மாசச் சம்பளம் போனது. அந்த மனிதரைப் போய்க் கேட்டேன். அவர் எந்தத் தேர்வும் எழுதியதில்லை, எங்கேயும் பதிவு செய்ததில்லை, எனக்கு எழுத்தில் எதுவும் கொடுத்ததுமில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

அப்போது இந்தியாவில் அதற்கென்று தனி விதி இல்லை. 2014ல் நம் நாட்டுப் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி, ஆய்வாளர்களுக்கான ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. இன்ன பங்கை வாங்கு, விற்றுவிடு என்று காசு வாங்கிக்கொண்டு சொல்பவர் பதிவு செய்திருக்க வேண்டும், செபி அமைத்த என்ஐஎஸ்எம் என்ற நிறுவனம் நடத்தும் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அந்த விதியில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. ஒரு துறையின் அல்லது குறியீட்டின் தேவை, வரத்து பற்றிய டெக்னிக்கல் அலசல் ஆய்வறிக்கை ஆகாது. நிஃப்டி இந்த இடத்தில் முட்டுகிறது என்று பொதுவாக எழுதலாம். ஆனால் இன்ன கம்பெனிப் பங்கை இந்த விலையில் வாங்கு என்றால், கையில் சார்ட் இருந்தாலும் ஆண்டறிக்கை இருந்தாலும் விதி ஒன்றுதான். இந்திய விதிப்புத்தகத்தில் சார்ட்டுக்கு இடம் கிடைத்தது இப்படி, விலக்காகப் பாதி, கட்டுப்பாடாகப் பாதி.

பதிவு செய்தவரின் எண் 'ஐஎன்எச்' என்ற எழுத்துகளில் தொடங்கும். செபி இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். டெலிகிராமில் டிப்ஸ் தருபவரிடம் இந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் குழுவிலிருந்தே உங்களைத் தூக்கிவிடுவார்கள். நான் கல்வி மட்டும்தான் தருகிறேன் என்று சொல்லித் தப்பிப்பவர்களுக்கும் 2025 ஜனவரியில் கடிவாளம் வந்தது. பாடம் நடத்துவதானால் கடந்த மூன்று மாத விலையைக் காட்டி நடத்தக் கூடாது என்றது செபி. பாடம்தான் நோக்கம் என்றால் போன வருஷத்துச் சார்ட் போதுமே. எனக்கு இது ரொம்பப் பிடித்த விதி.

எஃப் அண்ட் ஓ, அதாவது பங்கையே வாங்காமல் அதன் வருங்கால விலை மேல் ஒப்பந்தம் போடும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரம் பற்றி ஒரு வரி. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபியின் ஆய்வு சொல்கிறது. இது சார்ட்டின் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களில் எத்தனை பேர் சார்ட் பார்த்தார்கள், எத்தனை பேர் மச்சான் பேச்சைக் கேட்டார்கள் என்பது அந்த எண்ணில் இல்லை. ஆனால் சார்ட்டுக்கு நாற்காலி கிடைத்துவிட்டது என்பதை வைத்து, சார்ட் கற்றவனுக்குக் காசு கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் இந்த எண்ணை எடுத்துக் காட்டுங்கள்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். 2010 கடைசியில் ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் குவிண்டால் 16,000 ரூபாயைத் தாண்டியது. எல்லாரும் மஞ்சள் போட்டார்கள். 2012ல் 5,000க்கும் கீழே வந்துவிட்டது. நோட்டில் இறங்குமுகம் முன்னாலேயே தெரிந்தது. வரத்து கூடிக்கொண்டே போகிறது, விலை ஒவ்வொரு முறையும் போன தடவையைவிடக் கீழே நிற்கிறது. மாமா பாதிச் சரக்கை விற்றார். மீதியைக் குடோனில் வைத்துவிட்டார், திரும்பும் என்று. தன் நோட்டு சொன்னதைத் தானே பாதிதான் கேட்டார்.

போன தீபாவளிக்கு அவருடைய பேத்தி வந்திருந்தாள். கோவையில் வேலை, சிஎம்டி முதல் நிலை தேறிவிட்டாள். அந்த நோட்டுகளில் கிடைத்தவற்றை எடுத்துப் போய் 11 வருஷத்து விலையை எக்செல்லில் ஏற்றியிருந்தாள். மூன்று தடவை வந்து திரும்பிய விலையில் நாலாவது தடவையும் திரும்பியதா என்று தேடிப் பார்த்திருக்கிறாள். அப்படிப்பட்ட இடம் மொத்தம் 14 இருந்தது. எட்டில் திரும்பியிருக்கிறது.

"எட்டுதானா?" என்றார் மாமா. "நான் பத்து பன்னண்டு இருக்கும்னு நெனச்சனே."

"எட்டுதானுங் அப்புச்சி."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார்.

"திரும்பாத அந்த ஆற மட்டும் காட்டு கண்ணு. அன்னிக்கு எத்தன மூட்ட வந்துச்சுன்னு பாக்கோணும்."